சாட்டைச் சிலந்திக்கு இரண்டு பெயர்

டெஃபே
8 மார்ச் 1992

அன்புள்ள எவால்டோ,

உன் கடிதமும் அதோடு வந்த பட்டியலும் கிடைத்தன. கடிதம் அரைப் பக்கம், பட்டியல் பதினோரு பக்கம். காதலித்த காலத்திலும் நீ இப்படித்தான் எழுதுவாய், அதனால் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை.

இங்கே நலம். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. சமையலறைப் படிகள் பாதி தண்ணீருக்குள் போய்விட்டன. எனக்குக் கடிதமும் மாவும் கொண்டுவருகிற படகுக்காரன் பெனே, வந்த வேலை முடிந்ததும் என் படியிலேயே உட்கார்ந்து தூண்டில் போடுகிறான். போன வாரம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவன் கண்ணாடித் தொட்டியில் இருந்த என் பெரியவளை, அந்தச் சாட்டைச் சிலந்தியைக் கண்டு அலறிவிட்டான்.

"டோனா, இது கடிச்சா ஆளு காலின்னு எங்கப்பா சொல்வாரு!"

"உங்கப்பாவ இது கடிச்சிச்சா?"

"இல்ல."

"யாரையுமே கடிச்சதில்லப்பா. இதுக்கு வெஷமே கெடையாது. வலை பின்னக்கூடத் தெரியாது."

அவன் நம்பவில்லை. "வெஷம் இல்லாமலா இப்படி ஒரு மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரியுது?" என்று கேட்டான். எனக்கு உன் கல்லூரிக் காலத்துப் புகைப்படம்தான் ஞாபகம் வந்தது.

நீ ஓய்வு பெறுவதற்குள் அமேசானில் உள்ள எல்லாச் சாட்டைச் சிலந்திகளையும் ஒரே புத்தகத்தில் அடுக்கிவிடப் பார்க்கிறாய். நல்ல காரியம். பட்டியலைச் சரிபார்த்துவிட்டேன். ஏழாம் பக்கத்தில் என் பெயர் வைத்த இனமும் உன் பெயர் வைத்த இனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாம் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருந்து எத்தனை வருஷமாயிற்று! அச்சுக்கூடத்து டோனா ஒலிந்தாவை நினைத்துக்கொண்டேன். கல்யாணப் பரிசாக ஒரு புது இனத்துக்கு என் பெயரை வைத்து, என்னிடம் சொல்லாமல் கட்டுரையை அவளிடம் கொடுத்தாய். அதற்கு முந்தின நாள்தான் நானும் உன் பெயரை வைத்து ஒன்றைக் கொடுத்து, உன்னிடம் சொல்லக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், இரண்டு ரகசியத்தையும் வாயில் அடக்கிக்கொண்டு எப்படித்தான் அச்சுக் கோத்தாளோ. இதழ் வந்த அன்று நம் முகத்தைப் பார்க்க மாடிப்படியில் வந்து நின்றாள்.

ஒரு உதவி. அருங்காட்சியகத்தில் என் பெயர் வைத்த இனம் இருக்கிற ஜாடியை எடுத்துப் பார்த்து மூன்று விஷயம் எழுது. பிடிகைகளின் நீளம், கால்களில் பட்டை இருக்கிறதா, அடிவயிறு எந்த நிலையில் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே, சும்மாதான்.

மாவு தீர்ந்துவிட்டது, மீன் தீரவில்லை.

ஜுசாரா


பெலெம்
2 ஏப்ரல் 1992

அன்புள்ள ஜுசாரா,

நீ எதையும் சும்மா கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பிடிகைகள் குட்டை. உடலின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. கால்களில் வெளிறிய பட்டைகள் உண்டு, சாராயத்தில் கொஞ்சம் மங்கியிருக்கின்றன. அடிவயிறு நசுங்கியிருக்கிறது. ரப்பர் பால் எடுக்கிறவர் ஒருவர் ஜப்புரா ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தது, உனக்குத் தெரியும். இந்த ஒன்றுதான் கிடைத்தது. அதற்கப்புறம் அந்த இனம் யார் கையிலும் அகப்படவில்லை. அரிதானது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். உன் போன கட்டுரையில் மறுபடியும் சாட்டைச் சிலந்தியைச் சாட்டைத்தேளுக்குத் தங்கை என்று எழுதியிருக்கிறாயே, கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுதினாயா? ஒடுங்கிய இடுப்பைப் பார். உறிஞ்சும் வயிற்றைப் பார். சிலந்திக்கு அப்படியே இருக்கிறது. எட்டுக்கால் குடும்பத்தில் சிலந்திக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். நூலும் விஷமும் சிலந்திக்குக் கிடைத்தன, இதற்குக் கிடைக்கவில்லை. அதற்காகக் கொண்டுபோய்த் தேள் வீட்டில் விடுவதா?

அருங்காட்சியகத்தில் எல்லாம் வழக்கம்போல. புது இயக்குநர் வால்டெமிர் சின்ன வயது, மரியாதையான பையன். மத்தியான மழைக்கு முன்னால் பார்க்கலாம் என்று சொன்னால் மழைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறான், பெலெமில் இப்படி ஒருவனை நான் கண்டதில்லை. டிசம்பரில் எனக்குப் பிரிவு விருந்து வைப்பார்களாம். அதற்குப் பிறகு பிரகன்சாவில் அக்கா கிரேஉசாவின் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். மாடியில் ஓர் அறை ஒழித்துவைத்திருக்கிறாள். கடல் காற்று. உன் காட்டு ஈரம் என் மூட்டுகளுக்கு ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எவால்டோ


டெஃபே
26 ஏப்ரல் 1992

அன்புள்ள எவால்டோ,

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி. முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைக்குப் பின்னால் இருக்கிற பெரிய இலவமரத்தின் வேர்ப்பலகை இடுக்கில் முட்டைப் பையோடு ஒருத்தியைப் பிடித்தேன். பெனே பார்த்து அலறியது அவளைத்தான். முழுதாக வளர்ந்தவள், நீளமான பிடிகை, பட்டையில்லாத கறுத்த கால். சந்தேகமே இல்லாமல் உன் பெயர் வைத்த இனம். என் தொட்டியிலேயே குஞ்சு பொரித்தாள். பச்சை வெளுப்பாக அத்தனையும் அம்மா முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன. முதல் தோலை உரித்த பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தேன். இந்த ஜந்துக்கள் மரப்பட்டைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கித் தோல் உரிக்கும், உரித்த தோல் முழு உருவமாகக் கிடைக்கும், உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு தோலையும் எடுத்துப் பஞ்சில் வைத்துத் தேதி எழுதினேன்.

வளர வளர அதில் ஒன்று எனக்கு எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. குட்டைப் பிடிகை. கால்களில் வெளிறிய பட்டை. உன் 1966 கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். நீ எனக்காக எழுதிய ஒவ்வொரு வரியும் அதற்குப் பொருந்தியது. அதனால்தான் ஜாடியைப் பார்க்கச் சொன்னேன். உன் பதில் வந்து சேர்ந்த வாரத்தில் அது இன்னொரு தோல் உரித்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நானாக இருந்தது. புதன்கிழமை காலையில் பட்டையெல்லாம் போய், பிடிகை நீண்டு, நீயாக நின்றது.

எவால்டோ, என் பெயர் வைத்த இனம் என்று ஒன்று கிடையாது. அது உன் பெயர் வைத்த இனத்தின் பிள்ளைப் பருவம். வயதைக் காட்டுகிற அடிவயிறு நசுங்கியிருந்ததால் வயது வந்ததா இல்லையா என்று உனக்குத் தெரியவில்லை. வயது வந்தது என்று எடுத்துக்கொண்டாய்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. யாருக்கு நஷ்டம்? ஆனால் உன் புத்தகம் வரப்போகிறது. பிற்காலத்தில் எவனோ ஒருவன் கண்டுபிடித்து உன்னைப் பார்த்துச் சிரிப்பதைவிட நான் சொல்வது மேல். இவ்வளவும் எழுதிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இருபத்தாறு வருஷமாக எனக்கென்று காட்டில் ஒரு ஜீவன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

இனி ஒரு இனம், இரண்டு பெயர். சாதாரணமாகப் பழைய பெயர் நிற்கும், பிந்தியது விழும். நமக்கு அப்படி முடியாது. இரண்டும் ஒரே இதழ், ஒரே நாள். முதலில் இரண்டும் ஒன்று என்று அச்சில் எழுதுகிறவர் எந்தப் பெயரை வைத்துக்கொள்கிறாரோ அதுதான் நிற்கும், அதுதான் விதி. நான் எழுத மாட்டேன். நம்மில் ஒருவர் பெயரை என் கையால் அடிக்க எனக்குத் தெம்பில்லை. புத்தகம் உன்னுடையது, நீயே எழுது.

தோல்களை மாவு டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். பெனே டெஃபே தபால் நிலையம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். விஷம் இல்லை என்று கடைசியில் நம்பிவிட்டான் போலிருக்கிறது.

ஜுசாரா


பெலெம்
25 மே 1992

ஜுசாரா,

டப்பா கிடைத்தது. தோல்கள் சேதமில்லாமல் வந்திருக்கின்றன. அளந்துகொண்டிருக்கிறேன்.

எவால்டோ


டெஃபே
2 ஆகஸ்ட் 1992

அன்புள்ள எவால்டோ,

எத்தனை நாள்தான் அளப்பாய்? அதற்குள் ஆறு இறங்கிவிட்டது. படியெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெனே மீன் பிடிக்க இப்போது எதிர்க்கரைக்குப் போகிறான்.

கோபமா, வருத்தமா, அவமானமா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உன் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது, இப்போது கொஞ்சம் துருப்பிடித்துவிட்டது. ஒரு வருஷ வேலை என்று சொல்லி இங்கே வந்தேன், ஏழு வருஷமாகிவிட்டது. முதல் வருஷம் முடிந்ததும் நீயும் வா என்று உனக்கு எழுதினேன். ஜாடிகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாய். நானும் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்று போட்டிருந்தாலாவது பரவாயில்லை. வா என்று இன்னொரு தரம் எழுத மாட்டேன். ஒரு தரம் எழுதியாயிற்று.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நீ தயங்குவது எனக்காக என்றால் தயங்காதே. உன் பெயரை வைத்துக்கொள், என் பெயரை அடித்துவிடு. அறிவியல்படி அதுதான் சரி. நான் உன் பெயரை வைத்த ஜந்து முழுதாக வளர்ந்தது, ஒரு கால் குறையாதது. என் பெயருக்கு வந்தது நசுங்கின பிள்ளை. எந்த இயக்குநரிடம் கேட்டாலும் இதையே சொல்வார். நாளைக்கு உன் மாணவர்கள் படிக்கிற புத்தகத்தில் உன் பெயர் இருக்கட்டும். ஓய்வு பெறும்போது ஒருவருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும்.

இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வலிக்கிறது, ஆனாலும் நான் சொல்வதுதான் சரி. கிரேஉசாவுக்கு என் அன்பைச் சொல். கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளட்டும்.

ஜுசாரா

சாட்டைத்தேளுக்குத் தங்கை என்று கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுதினேன். முன்கால் இரண்டும் நடக்க உதவாமல் தடவிப் பார்க்கிற சாட்டையாக மாறியிருக்கிறது. எட்டுக் கால் இருந்தும் ஆறில்தான் நடக்கிறது. சாட்டைத்தேளும் அப்படியேதான். இரண்டும் இரையைப் பிடிப்பது ஒரே மாதிரிப் பிடிகையால். எந்தச் சிலந்தியிடம் இதெல்லாம் இருக்கிறது, காட்டு பார்க்கலாம்.


பெலெம்
14 அக்டோபர் 1992

அன்புள்ள ஜுசாரா,

ஞாயிற்றுக்கிழமை சிரியோ திருவிழா. ஊரே மாதாவின் தேர்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நான் வீட்டில் இருந்து, கீழ் வீட்டுக்காரர்கள் கொடுத்த வாத்துக்கறியைச் சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை அது. அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன், இன்றைக்குத்தான் முடிகிறது.

நீ சொன்னது சரி. பஞ்சில் இருக்கிற ஐந்தாவது தோலும் என் ஜாடியில் இருப்பதும் ஒரே அச்சு. முள் முள்ளாக ஒப்பிட்டேன், தப்பே இல்லை. ஒரே ஒரு மாதிரியை, அதுவும் வயது தெரியாததை வைத்துக்கொண்டு புது இனம் என்று எழுதாதீர்கள் என்று எத்தனை மாணவர்களைத் திட்டியிருப்பேன்! வால்டெமிரும் திட்டு வாங்கியவன்தான். அவனிடம் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மழை வருதான்னு பாத்தேன் சார் என்றான்.

புத்தகத்தின் அச்சுப்படி போன வாரம் வந்தது. ஏழாம் பக்கத்தில் இப்போது ஒரே ஓர் இனம் இருக்கிறது. அதன் பெயர் உன் பெயர். கீழே சின்ன எழுத்தில், உள்ளே தள்ளி, இதற்கு இன்னொரு பெயரும் உண்டு, அது இனி செல்லாது என்று என் பெயர் இருக்கிறது. நான்தான் எழுதினேன், முதலில் எழுதினேன், அதனால் இனிமேல் யாராலும் மாற்ற முடியாது. உன்னாலும் முடியாது.

வால்டெமிர் அச்சுப்படியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"சார், மாத்திப் போட்டுட்டீங்க. உங்க பேரு இருக்கறதுதான் நல்ல மாதிரி. இன்னொண்ணு நசுங்கினதாச்சே!"

"மாத்திப் போடல."

"காரணம் ஒண்ணு எழுதணுமே சார்? படிக்கறவங்க கேப்பாங்க."

"விதியில காரணம் கேக்கல வால்டெமிர். நீ போய் விருந்துக்கு என்ன சமைக்கலாம்னு பாரு."

உனக்குக் காரணம் சொல்கிறேன். நீ என் பெயரை வைத்தது முழுதாக வளர்ந்த, குறையில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிதானமாக. நான் உன் பெயரை வைத்தது அவசரத்தில். கல்யாணத்துக்குள் இதழ் வந்துவிட வேண்டும், அதில் உன் பெயர் இருக்க வேண்டும், வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அடிவயிறு நசுங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் காத்திருக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதை என் கையாலேயே அடித்துவிட்டு, மீதி முப்பது வருஷ நிதானத்தை மட்டும் அச்சில் விட்டுப் போக எனக்கு மனமில்லை.

சாட்டைத்தேள் விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். சிலந்திக்குத் தங்கைதான். நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஆமாம், நேரில். கிரேஉசாவுக்கு எழுதிவிட்டேன், அறையை அவளுடைய பேத்திக்குக் கொடுத்துவிடச் சொல்லி. டிசம்பர் பதினெட்டாம் தேதி விருந்து முடிகிறது. இருபதாம் தேதி மனாவுஸுக்குப் படகு இருக்கிறது, அங்கிருந்து டெஃபேக்கு இன்னொன்று. ஜாடிகளை வால்டெமிர் பார்த்துக்கொள்வான், என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வான். வரட்டுமா என்று உன்னிடம் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வா என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இதுதான் பதில்.

உன்
எவால்டோ


டெஃபே
9 நவம்பர் 1992

அன்புள்ள எவால்டோ,

நீ செய்தது சுத்த முட்டாள்தனம். நல்ல மாதிரியை விட்டுவிட்டு நசுங்கினதன் பெயரை வைத்துக்கொண்டாய். உலகத்தில் இருக்கிற எட்டுக்கால் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் இனி இந்த இனத்தை என் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், கீழே சின்ன எழுத்தில் உன் பெயரைப் பார்த்து இவன் யாரடா என்று கேட்பார்கள். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை நான்கு தரம் படித்தேன்.

படித்துக்கொண்டிருக்கும்போது பெனே படியேறி வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"டோனா, யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலப்பா. என் பேரு பொழச்சிருச்சு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் வருகிறார் என்று சொன்னேன், அது புரிந்தது. கடிக்கற ஆளா என்று கேட்டான். மூஞ்சி மட்டும்தான் அப்படி என்றேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். மூட்டுக்கு மருந்து கொண்டுவா, இங்கே ஈரம் ஈரம்தான், அது உனக்காகக் காயாது. சாராயம் கொண்டுவராதே, இந்த வீட்டில் எல்லாம் உயிரோடுதான் இருக்கும். பெரியவள் மறுபடி முட்டைப் பை சுமக்கிறாள். நீ வந்து சேருகிற சமயம் குஞ்சுகள் அவள் முதுகில் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு, சிலந்தி எதுவாவது பிள்ளைகளை இத்தனை ஒழுங்காக வைத்துக்கொள்ளுமா என்று எனக்குச் சொல்.

படகில் கட்டில் கிடையாது, அவரவர் தொங்குபடுக்கையை அவரவர்தான் கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும். பெலெம் துறைமுகத்திலேயே ஒன்று வாங்கிக்கொள், மலிவானது போதும். டெஃபேயில் இறங்கியதும் அதைப் பெனேயிடம் கொடுத்துவிடு, அவனுடையது கிழிந்துவிட்டது. வீட்டில் இருக்கிறது பெரியது, இரண்டு பேரைத் தாங்கும்.

ஜுசாரா